கை எட்டும் உயரத்தில் ஒரு வண்டி

கார் பிரியர்கள் நாலு பேர் கூடிய இடத்தில், "எல் கமினோ மாதிரி ஒரு வண்டி இப்போது வந்தால் எப்படி இருக்கும்?" என்று யாராவது ஒருவர் ஆரம்பித்தால் போதும், அன்றைய பொழுது அதிலேயே கழிந்துவிடும். எல் கமினோ அமெரிக்க செவ்ரோலே நிறுவனத்தின் பழைய வண்டி. நான் இருப்பது மெல்போர்னில். அதனால் இங்கே அந்தப் பேச்சு ஃபோர்டு ஃபால்கன், ஹோல்டன் கமோடோர் என்று இந்த ஊர்ப் பெயர்களோடு வரும். விஷயம் ஒன்றுதான். முன்பாதி கார், பின்பாதி திறந்த பெட்டி. லாரி போலத் தனிச் சேசிஸ் மேல் உட்காராமல், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு காரிலிருந்து பிறந்த பிக்கப். ஆஸ்திரேலியர்கள் அதை யூட் என்பார்கள்.

பேச்சு எப்போதும் மூன்று கேள்விகளைச் சுற்றியே ஓடும். இரண்டு கதவா, நான்கு கதவா? வி8 எஞ்சினா, பேட்டரியா? பழைய பெயரையே வைக்கலாமா, கூடாதா? ஒவ்வொன்றுக்கும் இரண்டு கட்சி உண்டு. கணினியில் வரைந்த படங்களைக் கைபேசியில் காட்டுவார்கள். எல்லாம் தாழ்ந்து, அகன்று, பெரிய சக்கரங்களோடு பளபளவென்று நிற்கும். அந்தப் பெட்டிகளில் ஒன்றிலாவது ஒரு சிமெண்ட் மூட்டையை யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை.

எனக்கு இந்த வண்டிகள் மேல் உண்மையான பிரியம் உண்டு, திரும்பி வர வேண்டும் என்ற ஆசையும் உண்டு. அதனாலேயே சொல்கிறேன்: முதலில் கேட்க வேண்டிய கேள்வியை இந்தப் பேச்சில் யாரும் கேட்பதில்லை. வண்டியின் பக்கவாட்டில் நின்றபடி கையை உள்ளே விட்டால், பெட்டியின் தரையில் கிடக்கும் சாமானை எடுக்க முடிகிறதா? எடுக்க முடிந்தால் அது இந்த இனம். முடியாவிட்டால், என்ன பெயர் வைத்தாலும் அது வேறு இனம்.

எங்கள் தெருவில் தோட்ட வேலை செய்யும் ஒருவர் பிஎஃப் ஃபால்கன் யூட் வைத்திருக்கிறார். நாலு லிட்டர், ஆறு சிலிண்டர், எல்பிஜியில் ஓடுவது. அவர் சாமான் ஏற்றுவதைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். மண்வெட்டி, கிளை வெட்டும் கத்தரி, பெட்ரோல் கேன் எதற்கும் அவர் பின்கதவைத் திறப்பதே இல்லை. வண்டியை ஒட்டி நடந்து வந்து, பக்கச் சுவருக்கு மேலாகக் கையை இறக்கி வைத்துவிட்டுப் போவார். அந்தச் சுவர் அவர் இடுப்புக்குச் சற்று மேலே முடிகிறது. பல வருடங்களாக முழங்கை உரசி உரசி ஓட்டுநர் பக்கத்து விளிம்பில் பெயிண்ட் மங்கி, ஒரு முழ நீளத்துக்கு வெளிறிக் கிடக்கிறது. புல்வெட்டும் இயந்திரத்தை ஏற்ற மட்டும் பின்கதவை இறக்கி ஒரு பலகையைச் சாய்ப்பார். தரை தாழ்ந்திருப்பதால் பலகை அதிகம் செங்குத்தாக நிற்பதில்லை. ஒரே ஆளாகத் தள்ளி ஏற்றிவிடுகிறார். அதற்கு எதிர்வீட்டில் நாலு சக்கர இயக்கம் கொண்ட பெரிய நாலு கதவு டூயல் கேப் பிக்கப் ஒன்று நிற்கிறது. அதன் பெட்டிச் சுவர் என் மார்புக்கு வருகிறது. உள்ளே ஒரு ஸ்பேனர் விழுந்தால் டயர் மேல் கால் வைத்து ஏறித்தான் எடுக்க வேண்டும்.

இந்த உயரம் தற்செயலாக அமைந்ததல்ல. மெல்போர்னிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஜிலாங்கில்தான் இந்த வகை வண்டி ஒழுங்கான உருவம் பெற்றது. 1932 வாக்கில் கிப்ஸ்லேண்ட் பகுதி விவசாயி ஒருவரின் மனைவி ஃபோர்டு ஆஸ்திரேலியாவுக்கு ஒரு கடிதம் எழுதினார் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கதை. ஞாயிற்றுக்கிழமை நனையாமல் தேவாலயத்துக்குப் போக வேண்டும், திங்கட்கிழமை அதே வண்டியில் பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும், அப்படி ஒன்று செய்து தாருங்கள் என்பது அவர் கேட்டது. பொருளாதார மந்தக் காலம் அது. வேலைக்கான வண்டி என்றால் வங்கி கடன் கொடுக்கும், சொகுசுக் கார் என்றால் கொடுக்காது. இரண்டு வண்டி வாங்க விவசாயிக்கு வழியில்லை.

அந்த வேலை லூயிஸ் பேண்ட் என்ற இளம் வடிவமைப்பாளரிடம் வந்தது. இருபது வயதுகளின் தொடக்கத்தில் இருந்தவர். அதுவரையிலும் திறந்த காரின் பின்னால் ஒரு பெட்டியைப் பூட்டிய வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. மேலே துணிக் கூரை, மழை வந்தால் முன்னால் இருப்பவர்களும் நனைவார்கள். பேண்ட் செய்தது எளிமையானது, ஆனால் யோசித்துச் செய்தது. மூடிய கூபே காரின் முன்பகுதியை, இறக்கி ஏற்றும் கண்ணாடியோடு, அப்படியே வைத்தார். கேபினின் பக்கத் தகட்டைப் பின்னால் நீட்டிப் பெட்டியின் சுவராக்கினார். அடியில் சட்டத்தைப் பலப்படுத்தினார். சுமை 1200 பவுண்டு, கிட்டத்தட்ட 550 கிலோ. 1934இல் அது விற்பனைக்கு வந்தது. பேண்ட் பிற்காலத்தில் பழைய 1934 யூட் ஒன்றைப் புதுப்பித்து வைத்திருந்தார். 1987இல் அந்த வண்டியைப் பற்றிய ஆவணப்படப் பிடிப்பு முடிந்து அதையே ஓட்டித் திரும்பும்போது விபத்தில் இறந்துபோனார். இதைச் சொல்லும்போது இங்கே பழைய ஆட்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

அமெரிக்காவுக்கு இந்த யோசனை போய்ச் சேர இருபது வருடங்களுக்கு மேல் ஆனது. 1957 மாடலாக ஃபோர்டு ராஞ்செரோ வந்தது. அதற்குப் போட்டியாக செவ்ரோலே 1959இல் எல் கமினோவைக் கொண்டுவந்தது. அகன்ற சிறகுகளோடு நின்ற அந்த முதல் எல் கமினோ இரண்டே வருடம்தான் இருந்தது. பிறகு 1964இல் தன் செவெல் காரை அடிப்படையாக வைத்து மறுபடி வந்து 1987 வரை ஓடியது. கூட்டங்களில் எல்லோரும் பெருமூச்சு விடுவது 1970ஆம் வருட எஸ்எஸ் 454க்குத்தான். அதிகபட்ச எஞ்சினோடு 450 குதிரைத்திறன். அந்தச் சத்தத்தை நேரில் கேட்டால் யாருக்கும் ஆசை வரும், எனக்கும் வரும்.

ஆனால் எல் கமினோவில் நான் மற்றவர்களுக்குக் காட்ட விரும்புவது எஞ்சினை அல்ல. அறுபதுகள், எழுபதுகளின் எல் கமினோவில் பெட்டியின் தரையில், கேபினை ஒட்டி, திருகுகள் போட்ட தகடு ஒன்று இருக்கும். அதைக் கழற்றினால் கீழே ஆழமான பள்ளம். விளையாட்டாகக் கடத்தல்காரர் பெட்டி என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். உண்மையில் அது செவெல் ஸ்டேஷன் வேகனில் பின்சீட்டில் உட்காருபவர்கள் கால் வைக்கும் இடம். வேகனின் அடித்தளத்தை மாற்றாமல் எடுத்து, சீட்டை நீக்கி, மேலே தகடு போட்டிருக்கிறார்கள். கார் பிக்கப் எப்படிப் பிறக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. தொழிற்சாலையில் ஏற்கெனவே வேகன் ஓடிக்கொண்டிருந்தது. அதன் அச்சு, அதன் பின்கதவு, அதன் தரை எல்லாம் தயாராக இருந்தன. கொஞ்சம் கூடுதல் செலவில் இன்னொரு வண்டி கிடைத்தது.

மறுபிறவி பற்றிய வாதத்தில் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடும் இடம் இது. கார் பிக்கப் தனியாகப் பிறப்பதில்லை, அதற்கு ஒரு தாய்க் கார் வேண்டும். அந்தத் தாய் மலிவாகவும், தாழ்வாகவும், நிறைய விற்பதாகவும் இருக்க வேண்டும். செடானும் வேகனும் கடையைக் கட்டிவிட்ட நாட்டில் எல் கமினோவை மட்டும் தனியாக எழுப்பச் சொல்வது நடக்கிற காரியமா?

அமெரிக்காவில் அது இறந்த கதையும் அதுதான். 1960இல் சிறிய ஃபால்கன் மீது கட்டிய ராஞ்செரோதான் என் கணிப்பில் அந்த நாட்டில் வந்ததிலேயே சரியான கார் பிக்கப். சிறியது, மலிவானது, வேலைக்கு ஆவது. பிறகு அது ஃபேர்லேன் ஆகி, டொரினோ ஆகி, கடைசியில் எல்டிடி டூ என்ற பெரிய காரின் மேல் ஏறி 1979இல் முடிந்துபோனது. ஒவ்வொரு தலைமுறையிலும் மூக்கு நீண்டது, சுமக்கும் வேலை பின்னுக்குப் போனது. எண்பதுகளின் ஆரம்பத்தில் செவ்ரோலே எஸ்-10, ஃபோர்டு ரேஞ்சர் என்று சின்ன பிக்கப்கள் வந்ததும் வேலைக்காரர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் மட்டும்.

இடையில் வெளியிலிருந்து வந்தவற்றை வரி தடுத்தது. ஐரோப்பா அமெரிக்கக் கோழிக்கு வரி போட, அதற்குப் பதிலடியாக 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கா இறக்குமதியாகும் சின்ன லாரிகளுக்கு 25 சதவீத வரி போட்டது. கோழிப் பிரச்சினை எப்போதோ மறந்துபோய்விட்டது, லாரி வரி மட்டும் நிலைத்துவிட்டது. அதைத் தாண்டத்தான் சுபாரு தன் பிராட் வண்டியின் பெட்டியில் பின்னோக்கி இரண்டு பிளாஸ்டிக் சீட்டுகளைப் பூட்டி, இது பயணிகள் கார் என்று கணக்குக் காட்டியது. அமெரிக்க அதிபராக இருந்த ரொனால்ட் ரீகன் தன் பண்ணையில் ஒன்று வைத்திருந்தார்.

சரி, ஆஸ்திரேலியாவுக்கு வருகிறேன். இங்கே இந்த வண்டி எண்பது வருடங்களுக்கு மேல் நிற்காமல் ஓடியது. 1951இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஆஸ்திரேலியக் கிளையான ஹோல்டன் தன் யூட்டைக் கொண்டுவந்தது. 1961லிருந்து ஃபால்கன் யூட். இரண்டு கட்சிக்காரர்களும் கிரிக்கெட் ஆட்டம் மாதிரி தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டார்கள். கடைசிக் காலத்தில் இரண்டும் வேறு வேறு திசையில் போயின. 1999இல் வந்த ஃபால்கன் யூட்டில் பெட்டி தனி, பின்னால் பாரம் தாங்கும் லீஃப் ஸ்பிரிங், அதாவது பட்டைத் தகடுகளை அடுக்கிய வில். பெட்டியை எடுத்துவிட்டுத் தட்டையான மேடையும் போட்டுக்கொள்ளலாம். ஒரு டன் சுமக்கும் வகையும் இருந்தது. ஹோல்டன் மறுபக்கம் போனது. 2000இல் வந்த கமோடோர் யூட்டில் நாலு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், காரின் சொகுசு. அதன் வேக அவதாரமான எச்எஸ்வி மலூ 2006இல் வூமெராவில் மணிக்கு 271 கிலோமீட்டர் தொட்டுச் சாதனை படைத்தது. ரசிகர்கள் இன்றும் பேசுவது மலூவைப் பற்றி. லீஃப் ஸ்பிரிங் ஃபால்கனைப் பற்றிப் பேச ஆள் குறைவு. என் தெருவில் இன்னும் வேலை செய்துகொண்டிருப்பது எது என்று பார்த்தால் ஃபால்கன்தான்.

2016இல் ஃபோர்டு இங்கே கார் தயாரிப்பதை நிறுத்தியது. 2017 அக்டோபர் 20ஆம் தேதி ஹோல்டன் தன் எலிசபெத் தொழிற்சாலையை மூடியது. அரசு கைவிட்டது, டாலர் மதிப்பு ஏறியது, பெரிய செடான்களின் விற்பனை சரிந்தது என்று காரணம் பல. யூட்டைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. 2005லிருந்து தாய்லாந்துடன் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம். டொயோட்டா ஹைலக்ஸும் ஃபோர்டு ரேஞ்சரும் வரியில்லாமல் இறங்கின. நாலு கதவு, டீசல், நாலு சக்கர இயக்கம். 2016லிருந்து பல வருடங்கள் ஆஸ்திரேலியாவில் அதிகம் விற்ற வண்டி ஹைலக்ஸ், 2023லிருந்து ரேஞ்சர். அந்த ரேஞ்சரை வடிவமைத்தது விக்டோரியாவில் இருக்கும் ஃபோர்டின் பொறியாளர்கள். ஆகவே கைத்திறன் இந்த ஊரைவிட்டுப் போய்விடவில்லை, வேறு உயரத்துக்குப் போயிருக்கிறது.

நாலு கதவுக் கட்சியை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. மெல்போர்னின் புறநகரான டாண்டினாங்கில் டைல்ஸ் பதிக்கும் யாழ்ப்பாணத் தம்பி ஒருவரிடம் இதையெல்லாம் நான் ஆர்வமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அண்ணை, நீங்கள் சொல்லுற வண்டி வடிவுதான். ஆனா காலமை பிள்ளையளைப் பள்ளிக்கூடத்தில விட்டுட்டுத்தான் நான் வேலைக்குப் போறனான். ரெண்டு சீட்டை வச்சுக்கொண்டு நான் என்ன செய்யிறது?" பதில் சொல்ல முடியாத கேள்வி. ஒரே வண்டிதான் வாங்க முடியும் என்ற நிலை 1932இல் அந்தப் பெண்மணிக்கு எப்படியோ, இவருக்கும் அப்படித்தான். அப்புறம் அவரே தோள்மூட்டைத் தடவிக்கொண்டு சேர்த்துச் சொன்னார்: "இந்தப் பசை மூட்டையளைத் தூக்கி உள்ள வைக்கிறதுதான் கரைச்சல்." டைல் பசை மூட்டை 20 கிலோ. ஒரு நாளைக்கு எத்தனை ஏற்றி எத்தனை இறக்குகிறார் என்று யோசித்தால், மார்பு உயரச் சுவருக்கு உடம்பு கொடுக்கும் விலை புரியும்.

அதனால் என் வாக்கு நாலு கதவுக்குத்தான், அல்லது சின்னப் பின்சீட்டோடு ஒன்றரை கேபினுக்கு. இது இரண்டு கதவு நண்பர்களுக்குப் பிடிக்காது. தெரிந்துதான் சொல்கிறேன்.

மறுபிறவிக்கு முயற்சியே நடக்கவில்லை என்பதும் சரியில்லை. 2008இல் ஜெனரல் மோட்டார்ஸ், ஹோல்டன் யூட்டையே போண்டியாக் ஜி8 எஸ்டி என்று அமெரிக்காவுக்குக் கொண்டுபோவதாக நியூயார்க் கண்காட்சியில் அறிவித்தது. ஆறு லிட்டர் வி8, பழைய கனவு முழுசாக. 2009 தொடக்கத்தில் அதை ரத்து செய்தார்கள். சில மாதங்களில் போண்டியாக் என்ற பெயருக்கே மூடுவிழா அறிவித்துவிட்டார்கள். ஹோண்டா ரிட்ஜ்லைன் வேறு வழியில் வந்தது. கார் போன்ற ஒற்றை உடல் அமைப்பு. ஆனால் முதல் தலைமுறையில் கேபினின் பின்மூலையிலிருந்து பெட்டிச் சுவருக்கு ஒரு சரிவைக் கொடுத்திருந்தார்கள். கூரையைப் பாதியில் வெட்டினால் உடல் முறுக்குக்குத் தளர்ந்துவிடும் என்பதால் வைக்கிற தாங்கல் அது. அந்தச் சரிவு சரியாகக் கை நுழையும் இடத்தை மறைத்தது. வாங்கியவர்கள் குறை சொன்னார்கள், அடுத்த தலைமுறையில் சுவரை நேராக்கினார்கள். பக்கவாட்டில் கை எட்டுவது எவ்வளவு முக்கியம் என்பதை இத்தனை பெரிய நிறுவனமே திருத்திக்கொண்டுதான் கற்றது.

2021இல் ஒரே வருடத்தில் இரண்டு வந்தன. டூசான் காரை அடிப்படையாக வைத்த ஹூண்டாய் சான்டா குரூஸ், எஸ்கேப் குடும்பத்திலிருந்து வந்த ஃபோர்டு மேவரிக். சான்டா குரூஸ் அழகு, பெட்டி நாலடி சொச்சம். மேவரிக்தான் என் மனதுக்கு நெருக்கமானது. பக்கத்தில் நின்றால் கை எட்டுகிற சுவர், நாலு கதவு, நாலரை அடிப் பெட்டி, 1500 பவுண்டு சுமை, ஹைபிரிட் எஞ்சின். இத்தனைக்கும் ஆரம்ப விலை 20,000 டாலருக்கு ஐந்து டாலர் குறைவு. முதல் வருட ஹைபிரிட் முன்பதிவு சீக்கிரமே நிரம்பி, ஃபோர்டே ஆர்டர் வாங்குவதை நிறுத்த வேண்டி வந்தது. ஆள் இல்லை, சந்தை இல்லை என்று சொன்னவர்களுக்கு அந்த வரிசை பதில். ஆனால் விலை அங்கே நிற்கவில்லை. சில வருடங்களுக்குள் 25,000ஐத் தாண்டிப் போய்விட்டது. ராஞ்செரோ போன பாதையில் இதுவும் போய்விடுமோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. மேவரிக் இடதுபக்க ஸ்டீயரிங்கோடுதான் வருகிறது. ஆகவே எங்களுக்கு அது படத்தில்தான்.

இத்தனை வாதத்துக்கும் நடுவே, பிரேசிலில் இந்த இனம் சாகவே இல்லை என்பதை யாரும் பேசுவதில்லை. அங்கே ஃபோக்ஸ்வாகன் கோல் காரிலிருந்து சவேய்ரோ 1982இல் வந்தது. ஃபோர்டு பாம்பா, செவ்ரோலே மொன்டானா என்று ஒவ்வொருவரும் செய்தார்கள். ஃபியட் ஸ்ட்ராடா 1998இல் வந்தது. 2021லிருந்து தொடர்ந்து சில வருடங்கள் பிரேசிலில் அதிகம் விற்ற வண்டியே ஸ்ட்ராடாதான். அதிகம் விற்ற பிக்கப் என்று சொல்லவில்லை, எல்லா வண்டிகளிலும் முதலிடம். மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் பெட்டிம் தொழிற்சாலையில் செய்கிறார்கள். முன்கதவு ஃபியட் மோபி என்ற குட்டிக் காருடையது. முன்சக்கர இயக்கம், பின்னால் நேர் அச்சும் லீஃப் ஸ்பிரிங்கும். சின்ன கேபின் வகை 720 கிலோ சுமக்கும், நாலு கதவு வகையும் உண்டு. ஹாட்ச்பேக்கிலிருந்து வந்ததால் தரை தாழ்வு. நம் கூட்டங்களில் இதைப் பற்றிச் சொன்னால், "அது சின்ன வண்டியப்பா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். 1934 ஃபோர்டு யூட் சுமந்ததைவிட அது அதிகம் சுமக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் இதன் மறுபக்கம் நடந்தது. அரை டன் பக்கி என்று அங்கே சொல்லும் சின்ன கார் பிக்கப்களுக்கு நல்ல சந்தை இருந்தது. ஃபோர்டு பாண்டம், ஓப்பல் கோர்சா யுடிலிட்டி, கடைசியாக டாசியா லோகனிலிருந்து வந்த நிசான் என்பி200. 2024இல் என்பி200ம் நின்றது. வாங்க ஆள் இருந்தார்கள். தாய்க் கார் பழசாகிவிட்டது, அதே இடத்துக்கு இன்னொன்று வரவில்லை, அவ்வளவுதான். காய்கறிக் கடைக்காரர்களும் குழாய் வேலைக்காரர்களும் பழைய வண்டிகளைத் தேடி வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே மறுபிறவி வேண்டும் என்று நினைக்கும் நண்பர்கள் கமோடோரைக் கேட்டுப் பயனில்லை. அந்தத் தாய் இப்போது கிடையாது. இன்றைக்கு மலிவாக, தாழ்வாக, லட்சக்கணக்கில் ஓடும் கார் எது? இந்த நாட்டில் டாக்ஸி, வாடகைக் கார் என்று எங்கும் தெரியும் கொரோலா மாதிரியான ஹைபிரிட்கள். அப்படி ஒன்றின் பின்பாதியை எடுத்துவிட்டு, பின்னால் நேர் அச்சும் லீஃப் ஸ்பிரிங்கும் போட்டு, ஐந்தடிப் பெட்டி வைத்தால் போதும். அரை டன் சுமக்கட்டும். பேட்டரி வண்டியாகவும் இருக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் பேட்டரியைத் தரைக்கு அடியில் அடுக்கிப் பெட்டியை உயர்த்திவிட்டால் கதை கெட்டது. வி8 வேண்டும் என்பவர்களுக்கு, நல்ல மலூ ஒன்றைத் தேடி வாங்கிப் பாதுகாத்து வையுங்கள் என்றுதான் சொல்வேன், அதுவும் செய்ய வேண்டிய காரியம்தான்.

புதிதாக இங்கே இறங்கிக்கொண்டிருப்பவை எல்லாம் இன்னும் பெரிதாகத்தான் இருக்கின்றன. பிஒய்டி ஷார்க், கியா டாஸ்மன் இரண்டுமே ரேஞ்சருக்குப் போட்டியாக வந்தவை. டைல்ஸ் தம்பிக்கு அடுத்த வருடம் வண்டி மாற்ற வேண்டும். விலைப் பட்டியல்களை எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார். பெட்டிச் சுவர் தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று ஒரு நிறுவனம்கூட அதில் போடுவதில்லை. நானும் அவரும் சனிக்கிழமை ஷோரூம்களுக்கு டேப் எடுத்துக்கொண்டு போகப் போகிறோம்.